லிஸ்பன்ல ஒரு லைன் வீடு

உக்காருங்க தம்பி. முதப் பந்திக்கு முண்டியடிக்கற கூட்டம் அடங்கட்டும், அப்பறமா மெதுவாப் போலாம். ஏனுங்க, ஐரோப்பா போறீங்களாமா? சென்னியப்பன் சொன்னாப்ல. குடும்பத்தோடவா? நல்லதுங்க, தாராளமாப் போய்ட்டு வாங்க. நானும் போன ஜூன் மாசம் போய்ட்டு வந்தவன்தான். ஒரே ஒரு ரோசனை சொல்றேன், கேட்டுக்கோங்க. ரூம் போடற வேலையை மட்டும் பெத்த பொண்ணுகிட்ட விட்டுராதீங்க.

நான் வசதி பாக்கற ஆளில்லீங்க. நாச்சிமுத்து எப்படிப்பட்டவன்னு திருப்பூர்ல யாரை வேணும்னாலும் கேளுங்க. வெறும் தரையில படுப்பேன், பழைய சோத்தைக் கரைச்சுக் குடிப்பேன். ஆனா ஒண்ணு பாருங்க. ஒரு மனுசன் பனியன் கம்பெனி வெச்சு, நாலு பேர் மதிக்கற மாதிரி ஆகி, ஊருக்கு வெளியில லைன் வீடு கட்டி வாடகைக்கும் விட்டிருக்கான். அவன் பொண்டாட்டியோட வெளிநாடு போனா எங்கீங்க தங்கோணும்? ஓட்டல்ல தங்கோணும். லிப்ட் இருக்கோணும். கோட்டுப் போட்டவன் ஒருத்தன் பெட்டியைத் தூக்கோணும். சரிதானுங்களே?

போர்ச்சுகல் நாட்டுல லிஸ்பன் பட்டணத்துல எங்க பனியனை வாங்கற பையர் ஒருத்தர் இருக்காருங்க. அவரைப் பாத்து சாம்பிள் காட்டற வேலை. "அம்மாவையும் கூட்டிட்டுப் போங்கப்பா, அப்படியே ஒரு வாரம் இருந்து ஊரைப் பாத்துட்டு வாங்க, நான் இடம் புக் பண்றேன்"னு என்ற பொண்ணு பிருந்தா சொன்னா. பெங்களூர்ல கம்ப்யூட்டர் கம்பெனியில இருக்கறா. புள்ளை இத்தனை ஆசையாச் சொல்றாளேன்னு விட்டுட்டனுங்க. அங்கதான் ஏமாந்தது.

டாக்சிக்காரன் ஒரு மேட்டுக்குக் கீழ நிறுத்தி, "இதுக்கு மேல வண்டி போகாது"ன்னு கையைக் காட்டிட்டான். பெட்டியை நான்தான் தூக்கினேன். சாம்பிள் பனியன் பெட்டி வேற. மூச்சு வாங்க வாங்க ஏறிப் போனா, ஒரு வளைவு வாசல். உள்ள நீளமா, மேல கூரையில்லாம ஒரு முத்தம். அந்தக்கட்ட ஒரு வரிசை வீடு, இந்தக்கட்ட ஒரு வரிசை வீடு. நடுவுல ஒரு தண்ணிக் குழாய். மேல குறுக்கும் நெடுக்கும் கொடி கட்டி பாவாடை, துண்டு, பெட்சீட்டுன்னு காயுது. தம்பி, எனக்குப் பாத்ததும் தெரிஞ்சு போச்சுங்க. லைன் வீடு! நீலம், மஞ்சள்னு பெயின்ட் அடிச்சு, வாசல்ல பூத்தொட்டி வெச்சிருந்தாங்க. என்னத்தை வெச்சா என்ன? லைன் வீடு லைன் வீடுதானுங்க. கட்டி வெச்சிருக்கறவனுக்குத் தெரியாதா?

அங்கயே நின்னு பிருந்தாவுக்குப் போனைப் போட்டேன். "ஏஞ்சாமி, அப்பனைக் கொண்டாந்து லைன் வீட்டுல தள்ளியிருக்கறயே"ன்னேன்.

"அப்பா, அது அந்தக் காலத்துல பேக்டரிக்காரங்க வேலையாளுங்களுக்குக் கட்டின வீடுப்பா. இப்ப ஓவியம் வரையறவங்க, பாடறவங்க, நாடகம் போடறவங்கன்னு எல்லாரும் அங்கதான் இருக்காங்க. அங்க தங்கறதுக்கு ஜனங்க வரிசையில நிக்கறாங்க"ன்னு சொல்றா.

"அப்ப நம்ம லைன் வீட்டுக்கு ஏன் யாரும் வரிசையில நிக்கறதில்லை?"

"அங்க தண்ணி வராதுப்பா"ன்னுட்டு வெச்சுப் போட்டா. பெத்த பொண்ணு பேசற பேச்சா இது?

எங்கூட்டுக்காரி மரகதம் இருக்கறாளே, அவ ஒரு வார்த்தை சொல்லோணுமுல்ல? "ஏனுங்க, இங்க வந்து பாருங்க, ஆறு கடலாட்டத் தெரியுது"ன்னு எங்களுக்கு விட்ட மாடிப் போர்சன் ஜன்னல்கிட்டப் போயிட்டா. அந்த ஜன்னல் திறக்கலை. தள்ளறா, இழுக்கறா, அசையலை. கீழ் வீட்டு வாசல்ல ஒரு வயசான அம்மா கருப்புப் பாவாடை கட்டிட்டு நின்னுட்டிருந்துச்சு. அது மேல பாத்து, "ஜனேலா! ஜனேலா!"ன்னு கத்தி, இப்படித் தூக்கித் தள்ளுன்னு கையில காட்டுச்சு.

"ஆமாங்க, ஜன்னல்தானுங்க, சிக்கிக்கிச்சு"ங்கறா இவ.

திறந்துருச்சு. அதோட சரி. அடுத்த நாள் பாத்தா ரெண்டு பேரும் அந்த முத்தத்துல ஸ்டூலைப் போட்டு உக்காந்து பேசிட்டிருக்காங்க. இவளுக்கு அந்தப் பாஷை தெரியாது, அதுக்குத் தமிழ் தெரியாது. மேஜையைக் காட்டி "மேசா"ங்குது அது. அலமாரியைக் காட்டினா "அர்மாரியு"ங்குது. சாவியைக் காட்டினா "ஷாவ்"ங்குது. அன்னாசிப் பழத்துக்கு "அனனாஷ்". எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துப் போச்சு தம்பி. நம்மாளுங்க அந்தக் காலத்துலயே கப்பல்ல போய்த் தமிழ் சொல்லிக் குடுத்திருக்காங்க பாருங்க! பிருந்தா என்னமோ, அவங்கதான் இங்க கப்பல்ல வந்து அந்த வார்த்தையெல்லாம் விட்டுட்டுப் போனாங்கன்னு சொல்றா. நான் நம்பறதில்லீங்க.

அந்த அம்மா பேர் லூர்டெஷ். நாங்க லூர்தம்மான்னு கூப்பிட்டோம். பொறந்ததே அந்த வீட்டுலதானாம். அப்பன் ஆத்தா அங்கதான் செத்தாங்க, புருசனும் அங்கதான் செத்தாராம். இதெல்லாம் எங்களுக்கு இங்கிலீசுல எடுத்துச் சொன்னது எதிர் வீட்டுத் தியாகு. தியாகோன்னு பேரு, நமக்கு எதுக்குங்க அந்த ஓகாரம்?

இந்தத் தியாகுவைப் பத்திச் சொல்லோணும். முப்பது வயசு இருக்கும். தாடிக்கு நீலச் சாயம். உடைஞ்ச நாற்காலியெல்லாம் தெருவுல பொறுக்கிட்டு வந்து, ஆணி அடிச்சு, குதிரை மாதிரி, கொக்கு மாதிரி எதையோ பண்ணுவான். முட்டியில கிழிஞ்ச பேண்ட், முழங்கையில ஓட்டை விழுந்த சொட்டரு. அவன் கூட்டாளிங்க வருவாங்க, அவங்களும் அப்படித்தான், ஒருத்தன் மேலயாவது முழுத் துணி இருக்கோணுமே! படிச்ச புள்ளைங்க, இங்கிலீசு பேசுதுங்க, ஆனா போட்டுக்கத் துணியில்லை. எனக்கு மனசு கேக்கலீங்க. நாம துணி பண்றவங்க இல்லீங்களா?

பையரைப் பாத்து முடிச்சாச்சு, மிச்சப் பனியன் பெட்டியில சும்மாதான் கிடந்துச்சு. நல்ல கனமான வெள்ளைப் பருத்தி. தியாகுவுக்கு ஒண்ணு குடுத்தேன். என்னைக் கட்டிப் பிடிச்சுட்டான். மறுநாள் பாத்தா, கழுத்துப் பட்டியைக் கத்திரியில வெட்டி எறிஞ்சுட்டு, கையையும் வெட்டிட்டு, அதைப் போட்டுட்டு நிக்கறான்! அந்தக் கழுத்துத் தையலுக்காக நான் எத்தனை டைலரைத் திட்டியிருக்கறேன் தெரியுமா? வெட்டிப் போட்டான். சரி, பாவம், புதுத் துணி போட்டுப் பழக்கமில்லை போலன்னு விட்டுட்டேன்.

"இன்னும் இருக்குதுங்களா?"ன்னான். பெட்டியோட எடுத்துக் குடுத்தேன். குடுக்கறதுன்னு வந்துட்டா நான் கணக்குப் பாக்க மாட்டனுங்க.

ரெண்டு நாள் கழிச்சு, அதுல ஒண்ணை என்ற கையிலயே திருப்பிக் குடுத்தான். நெஞ்சுல சிவப்பு மையில பெருசா என்னமோ எழுதியிருக்குது. "என்ன தியாகு இது?"ன்னேன். "கவிதை"ன்னான். முத்தத்துல இருக்கற எல்லாரும் அதையே போட்டிருக்காங்க. லூர்தம்மா கூட கருப்புச் சட்டைக்கு மேல மாட்டியிருக்குது. பனியன் தந்த முதலாளிக்கு மரியாதை பண்றாங்கன்னு புரிஞ்சுட்டு நானும் போட்டுட்டேன். அதைப் போட்டுட்டு ஊருக்குள்ள நடந்தேன் பாருங்க! கடைக்காரன் எந்திரிச்சுக் கும்பிடறான். டிராம் வண்டி ஓட்டறவன் மணியடிக்கறான். காப்பிக் கடையில, முட்டையும் சீனியும் போட்டு ஒரு பணியாரம் பண்றாங்க, நல்லா இருக்கும், நீங்களும் சாப்பிடுங்க, அதை அந்தப் பொண்ணு சும்மாவே ஒண்ணு சேத்து வெச்சுச்சு. துணியோட தரம் அப்படிங்க. பாத்ததும் தெரியும்.

அங்க மனுசன்னு ஒருத்தரைப் பாத்தேன்னா, அது அந்த லைன் வீட்டு ஓனர்தான். ஹென்ரிக்னு பேரு. கோட்டு, செண்டு, பாலிஷ் போட்ட ஷூ. நாங்க வந்த மூணாம் நாள், சௌகரியமா இருக்கீங்களான்னு கேக்க வந்தாரு. அப்படியே என்னைக் காப்பிக் கடைக்குக் கூட்டிட்டுப் போனாரு. பேச்சுவாக்குல நானும் லைன் வீடு வெச்சிருக்கேன்னு சொன்னேன். மனுசன் மொகம் மலர்ந்து போச்சு! அப்பறம் என்ன, ரெண்டு ஓனரும் சேந்தா பேசறதுக்கு விசயமா இல்லை?

அவருக்கு ஒரே கஷ்டம், கீழ் வீட்டு லூர்தம்மா. பழைய வாடகை. காலி பண்ண மாட்டேங்குது. அது போச்சுன்னா அந்த வீட்டையும் நம்மள மாதிரி டூரிஸ்ட்டுக்கு விடலாம். கோர்ட்டுக்குப் போனா இழுக்கும். என்ன பண்ணலாம்னு கேட்டாரு.

நான் ஒண்ணும் தப்பாச் சொல்லலீங்க. தொழில்காரனுக்குத் தொழில்காரன் சொல்றதுதான். "சண்டையே போடாதீங்க"ன்னேன். "மரியாதையாப் பேசுங்க, பாத்தாச் சிரிங்க. தண்ணியை மட்டும் நிறுத்திருங்க. கேட்டா மோட்டார் ரிப்பேருன்னு சொல்லுங்க. குடத்தைத் தூக்கித் தூக்கி அலுத்துப்போய் தானாக் கிளம்பிருவாங்க"ன்னேன். மனுசன் விழுந்து விழுந்து சிரிச்சு, என்ற தோள்ல தட்டி, இன்னொரு பணியாரம் வாங்கிக் குடுத்தாரு.

மறுநாள் காத்தால குளிக்கறேன் தம்பி. தலையெல்லாம் சோப்பு. தண்ணி நின்னு போச்சு. கண்ணைத் திறக்க முடியலை, எரியுது. துண்டைக் கட்டிட்டு ஹென்ரிக்குக்குப் போனைப் போட்டா, "சாரி சார், மோட்டார் ரிப்பேர்"ங்கறாரு. "ஏனுங்க, நான்தானுங்க, நாச்சிமுத்து! எனக்கே ரிப்பேரா?"ன்னேன். "ஒரே பைப் சார், என்ன பண்றது, கொஞ்சம் பொறுத்துக்கோங்க"ன்னு சிரிக்கறாரு. என்ற வார்த்தையை எங்கிட்டயே சொல்றாரு!

மரகதம் வந்து நின்னா. சோப்பைத் துடைச்சு விடலை. சும்மா பாத்துட்டு நின்னா.

"ரிப்பேருங்களா?"

"ஆமா. மோட்டார் ரிப்பேராமா."

"எங்கயோ கேட்ட வார்த்தையாட்ட இருக்குதுங்க"ன்னுட்டு, பக்கெட்டை எடுத்துட்டுக் கீழ போயிட்டா.

மேட்டுக்குக் கீழ கல்லுல கட்டின பழைய பொதுக் குழாய் ஒண்ணு இருக்குது. அங்கிருந்து லூர்தம்மாவும் இவளும் தண்ணி தூக்கிட்டு வந்தாங்க. லூர்தம்மாவுக்கு மூட்டு வலி, நடுவுல நடுவுல உக்காந்துரும். இவ அந்தம்மா பக்கெட்டையும் சேத்துத் தூக்குவா. வெளிநாடு வந்தும் இவளுக்குத் தலையெழுத்தைப் பாருங்கன்னு நினைச்சேன். நானும் தூக்கியிருப்பேன், எனக்கு இடுப்பு சரியில்லீங்க.

அந்த வாரந்தான் அவங்களுக்கு அந்தோணியார் நோம்பி, ஊர்த் திருவிழா. தெருவெல்லாம் கலர்க் காயிதத் தோரணம், மத்தி மீன் சுடற பொகை. வீட்டுக்கு வீடு துளசி மாதிரியே ஒரு செடியைச் சின்னத் தொட்டியில வெச்சிருந்தாங்க. அதை மூக்குல வெச்சு மோந்து பாக்கப் படாதாம். கையால தடவி, கையைத்தான் மோந்து பாக்கோணுமாம். லூர்தம்மா ஒண்ணைக் குடுத்ததும் மரகதம் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டா. அதைப் பாத்து அந்த அம்மா கண்ணுல தண்ணி வந்துருச்சு. எனக்குப் புரியலை, செடிக்கெல்லாம் எதுக்குங்க அழுகறது?

நோம்பியன்னைக்கு மத்தியானம் லூர்தம்மாவும் முத்தத்து ஜனம் பூராவும் சாமி ஊர்வலத்துக்குப் போயிருந்தாங்க. மரகதம் தண்ணிக்குப் போயிருந்தா. நான் காப்பிக் கடையில இருந்தேன். கவிதைப் பனியன் போட்டிருந்தேன். பசியெடுத்துச்சு, சோறு ஆயிருக்கும்னு திரும்பி வர்றேன். வந்தா, அந்த வளைவு வாசல்ல, வழியை மறிச்சு, பக்கெட்டைப் பக்கத்துல வெச்சுட்டு, சம்மணம் போட்டு உக்காந்திருக்கறா மரகதம்! உள்ள ஹென்ரிக் நிக்கறாரு. அவர் பின்னால பூட்டு மாத்தற ஆள் ஒருத்தன் பையோட நிக்கறான். வெளிய வர வழியில்லை. அந்த முத்தத்துக்கு வேற வாசல் கிடையாது.

விசயம் இதுதான். ஆளில்லாத நேரம் பாத்து லூர்தம்மா வீட்டுக்குப் பூட்டை மாத்திட்டாரு. தண்ணி தூக்கிட்டு வந்த இவ, அவர் புதுச் சாவியைக் கோட்டுப் பையில போடறதைப் பாத்துட்டா.

ஹென்ரிக்குக்கு என்னைப் பாத்ததும் உசுரு வந்துச்சு. "மிஸ்டர் நாச்சி! நல்லவேளை வந்தீங்க"ன்னு ரெண்டு எட்டு வெச்சாரு. அப்பறம் என்ற நெஞ்சைப் பாத்தாரு. படிச்சாரு. மறுபடி என்ற மொகத்தைப் பாத்தாரு. "நீங்களுமா?"ன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியலை.

"எந்திரி மரகதம், இது நம்ம சோலியில்லை"ன்னேன்.

"எந்திரிக்கறேன். சாவியைக் குடுக்கச் சொல்லுங்க."

"ஊரு விட்டு ஊரு வந்து என்ன ரவுசு இது?"

"நான் ரவுசெல்லாம் பண்ணலை. உக்காந்துதான் இருக்கறேன். சாவி வந்தா எந்திரிப்பேன்."

அந்நேரம் பாத்து ஊர்வலம் போன கூட்டம் திரும்பி வருது, மேளத்தோட. வாசலைப் பாத்துச்சு, ஹென்ரிக்கைப் பாத்துச்சு, பூட்டுக்காரன் பையைப் பாத்துச்சு. லூர்தம்மா அப்படியே செவுத்தைப் பிடிச்சுட்டு நின்னுருச்சு. மரகதம் அதைப் பாத்துக் கையை நீட்டி, "சாவி! சாவி!"ன்னா. அவங்களுக்குப் புரியாம இருக்குமா? "ஷாவ்! ஷாவ்!"னு ஒருத்தன் ஆரம்பிச்சான். மேளக்காரன் அதுக்குத் தாளம் போட்டான். தெரு பூரா "ஷாவ், ஷாவ்"னு ஒரே கூப்பாடு. அத்தனை பேர் நெஞ்சுலயும் என்ற பனியன். தியாகுவைப் பிடிச்சு, "இது என்னடா கவிதை?"ன்னேன். "இங்கிருந்து நான் நகர மாட்டேன். அதான் சார் கவிதை"ன்னான்.

ஹென்ரிக்குக்குக் கோவம் வந்துருச்சு. எனக்கும் உறைக்கோணும்னோ என்னமோ, விரலை நீட்டி இங்கிலீசுல கத்தினாரு: "இந்த ஆளை நம்பாதீங்க! இவரும் ஓனர்தான்! தண்ணியை நிறுத்தச் சொன்னதே இவர்தான்!" தியாகு நின்னு, நிதானமா, ஒரு வார்த்தை விடாம அவங்க பாஷையில சொன்னான். மேளம் நின்னு போச்சு. அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பாக்கறாங்க. லூர்தம்மாவும் பாக்குது. எங்கூட்டுக்காரிக்கு ரெண்டு பாஷையும் தெரியாது. ஆனா அவளும் பாக்கறா. அந்தப் பார்வை எனக்குத் தெரியுமுங்க. நம்ம லைன் வீட்டு மோட்டாரை நிறுத்த நான் சுவிட்சுகிட்டப் போறப்பல்லாம் அப்படித்தான் பாப்பா. இத்தனை வருசமா அவளுக்குக் கண்ணுல ஏதோ கோளாறுன்னு நினைச்சுட்டிருந்தேன்.

நான் என்ன பண்றது சொல்லுங்க. எனக்குப் பசி. அவ எந்திரிச்சாத்தான் சோறு. வேற ஒண்ணுமில்லீங்க. நேரா ஹென்ரிக்கிட்டப் போய்க் கையை நீட்டினேன். அந்த நேரம் பாத்து இங்கிலீசு வார்த்தை மறந்து போச்சு. "கிவ் சாவி"ன்னேன். "கிவ், கிவ்."

மனுசன் என்னை ஒரு மொறை மொறைச்சாரு. வாசலைப் பாத்தாரு. மரகதம் அசையலை. பூட்டுக்காரன் வேற பையைக் கீழ வெச்சுட்டு, அவனும் "ஷாவ்"ங்கறான்! சாவியை எடுத்து என்ற கையில வெச்சாரு. நான் லூர்தம்மா கையில குடுத்தேன். அது வாங்கிட்டு, என்ற கன்னத்துல ஒண்ணு வெச்சுச்சு. தட்டிக் குடுத்துச்சா, அறைஞ்சுச்சான்னு இன்னும் எனக்குத் தெரியலீங்க. சத்தம் வந்துச்சு. அப்பறம் ஒரு மத்தி மீனை ரொட்டி மேல வெச்சுக் கையில குடுத்துச்சு.

அடுத்த நாளே ஹென்ரிக் எங்களைக் காலி பண்ணச் சொல்லிட்டாரு. காசு குடுத்துத் தங்கினவனை! பெட்டியைத் தூக்கிட்டு முத்தத்துல நின்னா, லூர்தம்மா வந்து பெட்டியைப் பிடுங்கி அது வீட்டுக்குள்ள வெச்சுருச்சு. மிச்ச நாள் பூராவும் அதோட முன்னறையில, தரையில பாய் மாதிரி என்னத்தையோ விரிச்சு, அங்கதான் படுத்தோம். லைன் வீட்டு மாடியில இருந்து லைன் வீட்டுக் கீழ்ப் போர்சனுக்கு எறங்கிட்டேன் பாத்துக்கோங்க. மரகதம் அங்க சிரிச்ச மாதிரி நம்மூர்ல சிரிச்சு நான் பாத்ததில்லை. தண்ணி திரும்ப வந்துருச்சு. ஹென்ரிக் கோர்ட்டுக்குப் போயிட்டாராமா, கேஸ் இன்னும் நடக்குது. அந்த அம்மா அங்கயேதான் இருக்குது.

இப்ப என்னன்னா, தை மாசம் அந்த லூர்தம்மா திருப்பூருக்கு வருது. தியாகுதான் கூட்டிட்டு வர்றான். எங்க வீட்டுல மேல் ரூம்ல ஏசி இருக்குது, அங்க தங்க வெக்கலாம்னு சொன்னனுங்க. அதுக்கு மூட்டு வலி, மாடி ஏற முடியாதுங்கறா மரகதம். "நம்ம லைன் வீட்டுலதான் ஒண்ணு காலியாக் கிடக்குதே, அங்க தங்கட்டும். லைன் வீடு அதுக்குப் பழக்கந்தானே"ங்கறா.

விருந்தாளியை அங்க எப்படீங்க வெக்கறது? கூரை ஒழுகும். கக்கூஸ் கதவுக்குத் தாழ்ப்பா இல்லை. அந்த ஒரு வீட்டை மட்டும் சரி பண்ணிரலாம்னு ஆளை விட்டேன். ஒரு வீட்டுக்கு மட்டும் பெயின்ட் அடிச்சாப் பல்லு போன வாய் மாதிரி இருக்கும்னா மரகதம். வரிசை பூரா அடிச்சாச்சு. ஒரு குழாய்க்கு மட்டும் தண்ணி விட முடியாது, ஒரே பைப்பு. எல்லாத்துக்கும் புதுப் பைப் போட்டு, நாள் பூரா மோட்டார் ஓடுது. விருந்தாளிக்காகத்தான் பண்றனுங்க, வேற எதுக்கும் இல்லை. அந்த மோட்டார் ரூம் சாவி இப்ப யார் இடுப்புல இருக்குதுன்னு நீங்க கேக்காதீங்க.

போன வாரம் வேலையைப் பாக்க ரெண்டு பேரும் போயிருந்தோம். பேச்சியம்மான்னு தேனிப் பக்கத்துப் பொம்பளை, கடைசிக்கு முந்தின வீடு. புதுக் குழாயைத் திறந்து விட்டுட்டு, தண்ணி விழுகறதையே பாத்துட்டு நின்னா. அப்பறம் மெதுவாக் கேக்கறா:

"ஏன் முதலாளி, அந்த வெள்ளைக்காரம்மா ஊருக்குப் போனப்பறமும் தண்ணி வருமா?"

மரகதம் பக்கத்துலயே நிக்கறா.

"வரும்"னேன்.

"சத்தமாச் சொல்லுங்க"ங்கறா மரகதம், "கடைசி வீட்டுக்கும் கேக்கட்டும்."